தாமரை இலையில் கட்டி அவிக்கும் சீன இறைச்சி: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவை

சிங்கப்பூரில் எங்கள் மாடியில் குடியிருந்த சீன ஆன்ட்டி ஒருவர் கிழக்குச் சீனாவின் ஹாங்சோ நகரத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். தாமரை இலைப் பொட்டலம் கட்ட எனக்குக் கற்றுக்கொடுத்தது அவர்தான். அதன் படத்தை ஒருமுறை குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். அன்று தொடங்கிய கேள்விகள் இன்னும் நிற்கவில்லை. சொந்தக்காரர்கள், அலுவலக நண்பர்கள், அவர்களுடைய நண்பர்கள் என்று எல்லாரும் ஏறக்குறைய ஒன்றையேதான் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் குரல் பதிவு அனுப்பி அலுத்துவிட்டதால், கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

இது என்ன, இலைக் கொழுக்கட்டை மாதிரியா?

இலையில் பொதிந்து ஆவியில் வேக வைப்பது என்ற அளவில் ஒற்றுமை உண்டு. ஆனால் இதில் மாவு மேல்தோலாக இருக்காது. சோயா சாஸ், இஞ்சி சேர்த்து ஊறிய இறைச்சித் துண்டுகளை, வறுத்துப் பொடித்த அரிசியில் பிரட்டி, தாமரை இலையில் மடித்து அவிக்கிறார்கள். அரிசிப்பொடி கொழுப்பையும் சாற்றையும் குடித்து, இறைச்சியைச் சுற்றிக் குழைவான ஒரு போர்வையாக மாறிவிடும். சீனத்தில் இதற்கு 'ஃபென் ஜெங் ரோ' என்று பெயர். பொடி, ஆவி, இறைச்சி, அவ்வளவுதான் அந்தப் பெயரின் அர்த்தம்.

சிச்சுவான், ஹுனான், ஹூபெய், ஜியாங்சி என்று பல மாகாணங்களில் இது உண்டு. பெரும்பாலும் கிண்ணத்திலோ மூங்கில் கூடையிலோ வைத்து அவிப்பார்கள். தாமரை இலையில் கட்டுவது ஹாங்சோ பக்கத்து வழக்கம். அங்கே மேற்கு ஏரியின் புகழ்பெற்ற 'பத்துக் காட்சி'களில் ஒன்று சூயுவான் தோட்டத்துத் தாமரைகள். தென் சோங் அரசர்கள் காலத்தில் மது வடிக்கும் கூடம் இருந்த இடம் அது. கோடையில் தாமரை இலையும் மதுவின் மணமும் சேர்ந்து காற்றில் வரும் என்பார்கள். இந்தப் பலகாரத்தையும் அந்தத் தோட்டத்தோடு சேர்த்துத்தான் ஊர்க்காரர்கள் பேசுகிறார்கள்.

டிம்சம் கடையில் இலைக்குள்ள சோறு வருமே, அதுதானே இது?

இல்லை, அது 'லோ மாய் காய்'. தென் சீனாவின் கான்டனியர்கள் டிம்சம் என்று தேநீரோடு சாப்பிடும் சிறு பலகாரங்களில் ஒன்று. பசையரிசிச் சோற்றுக்கு நடுவில் கோழி, காளான், சீன சாசேஜ் வைத்துத் தாமரை இலையில் மடிப்பார்கள். இங்கே சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் காப்பிக் கடைகளில் அதையே இலை இல்லாமல் சின்னக் கிண்ணத்தில் அவித்துக் கவிழ்த்துக் கொடுத்துவிடுவார்கள். அதனால் பலருக்கு அதற்கு இலை உண்டு என்பதே தெரியாது. அதையும் செய்யலாம், பின்னால் சொல்கிறேன்.

இலையையும் சேர்த்துச் சாப்பிடணுமா?

வேண்டாம். நாரும் கசப்பும்தான் மிஞ்சும். தட்டில் வைத்து, மேலே கத்தரித்து விரித்து, உள்ளே இருப்பதை மட்டும் எடுத்துச் சாப்பிடுங்கள்.

தாமரை இலைக்கு நான் எங்கே போவேன்?

சீன மளிகைக் கடைகளில் காய்ந்த இலை கட்டாகக் கிடைக்கும். முழு இலை, அல்லது இரண்டாக மடித்து விசிறி மாதிரி அடுக்கியது. ஒரு எச்சரிக்கை: சீன மருந்துக் கடையில் 'தாமரை இலை' என்று கேட்டால் பீடிக்கு நறுக்கிய மாதிரி துண்டு துண்டாகக் கொடுப்பார்கள். அது தேநீர் போட. முதல் தடவை நான் அதைத்தான் வாங்கிக்கொண்டு வந்தேன். ஆன்ட்டி சிரித்துவிட்டு, இதில் எறும்புக்குத்தான் பொட்டலம் கட்டலாம் என்றார்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குக் காய்ந்த இலை கிடைப்பது கஷ்டம். பச்சை இலை கிடைக்கலாம். பூவோ கறியோ தாமரை இலையில் கட்டிக் கொடுக்கும் கடைக்காரர் உங்கள் ஊரில் இருந்தால் அவரிடமே கேளுங்கள், எங்கிருந்து வாங்குகிறார் என்று சொல்வார். சாக்கடை கலக்கும் குளத்து இலை மட்டும் வேண்டாம்.

வாழை இலையில கட்டினா ஆகாதா?

ஆகும். நன்றாகவே இருக்கும். ஆனால் அது வேறு பலகாரம். வாழை இலையின் வாசனை நமக்குப் பழகியது, இனிப்பாக, பச்சையாக இருக்கும். காய்ந்த தாமரை இலையின் வாசனை வைக்கோலுக்கும் தேயிலைக்கும் நடுவில் எங்கோ இருக்கும். இரண்டு மணி நேரம் ஆவியில் இருக்கும்போது அந்த மணம் கொழுப்பில் இறங்கி, அதன் திகட்டலை எடுத்துவிடுகிறது. இந்தச் சமையலில் இலை என்பது பாத்திரம் இல்லை, மசாலா. அதனால்தான் அலுமினியத் தாளில் கட்டலாமா என்று கேட்பவர்களிடம், அதற்குப் பதில் கிண்ணத்திலேயே அவித்துவிடுங்கள் என்கிறேன்.

வாழை இலைதான் என்றால், தணலில் வாட்டிவிட்டு இரண்டு அடுக்காகக் கட்டுங்கள். ஒற்றை இலை நீண்ட நேர ஆவிக்கு நரம்போடு கிழிந்துவிடும்.

காஞ்ச இலை தொட்டாலே நொறுங்குதே, என்ன பண்றது?

மடக்காதீர்கள். அகலமான பாத்திரத்தில் அப்படியே வைத்துக் கொதிநீரை ஊற்றி, மிதக்காமல் இருக்க மேலே ஒரு தட்டை வையுங்கள். அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் துணி மாதிரி ஆகிவிடும். தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வரும், பயப்பட வேண்டாம். அப்புறம் இரண்டு பக்கமும் குழாய்த் தண்ணீரில் விரலால் தேய்த்துக் கழுவுங்கள். நரம்புகளுக்கு நடுவில் குளத்து மண் ஒட்டியிருக்கும்.

நடுவில் தண்டு சேர்ந்திருந்த குமிழைக் கத்தரித்து எடுத்துவிடுங்கள். அது விறைப்பாக நின்று பொட்டலத்தைக் குத்தும். எடுத்த ஓட்டையின் மேல் ஓர் ஒட்டு இலைத் துண்டு வைத்தால் போதும். முழு இலை பெரியது என்பதால் பாதியாக வெட்டினாலே ஒரு பொட்டலத்துக்கு வரும்.

எனக்குப் பச்சை இலையே கிடைச்சிருச்சு. அப்படியே கட்டலாமா?

கட்டினால் மடிப்பில் முறியும். கொதிக்கும் தண்ணீரில் அரை நிமிடம் முக்கி, உடனே குளிர்ந்த தண்ணீரில் போடுங்கள். நிறம் இருண்டு, இலை வளையும். பச்சை இலையின் மணம் மெல்லியது. ஹாங்சோக்காரர்கள் கோடையில் பச்சை இலையைத்தான் விரும்புவார்கள் என்று ஆன்ட்டி சொல்வார். எனக்கென்னவோ காய்ந்த இலையின் அழுத்தமான மணம்தான் பிடித்திருக்கிறது.

இலையோட எந்தப் பக்கம் உள்ளே வரணும்?

இரண்டு விதமாகவும் செய்கிறார்கள். நான் மேல்பக்கத்தை உள்ளே வைக்கிறேன். 'தாமரை இலைத் தண்ணீர்' ஒட்டாமல் உருளும் அந்தப் பக்கத்தில் மெழுகுப் படலம் உண்டு. ஊறி வெந்த பிறகு பழைய மாதிரி உருளாது, ஆனாலும் அரிசிப்பொடி குறைவாக ஒட்டுகிறது. புடைத்த நரம்புகளும் வெளிப்பக்கம் போய்விடும்.

அரிசிப்பொடிக்குக் கடையில விக்கிற அரிசி மாவு போதாதா?

போதாது. கேள்விகளிலேயே இதுதான் முக்கியமானது. நைசான மாவைப் போட்டால் கூழ் பூசிய இறைச்சிதான் கிடைக்கும். வேண்டியது வறுத்து, ரவை பதத்துக்கு உடைத்த பொடி. சீனக் கடைகளில் மசாலா கலந்து பாக்கெட்டில் கிடைக்கிறது. அவசரத்துக்கு ஆகும், ஆனால் அதில் உப்பு ஏற்கெனவே இருப்பதால் சோயாவைக் குறையுங்கள்.

வீட்டில் செய்வது பத்து நிமிட வேலை. பச்சரிசி 100 கிராம், பசையரிசி இருந்தால் அதில் 2 மேசைக்கரண்டி, நட்சத்திர சோம்பு (அன்னாசிப்பூ) 2, சின்னத் துண்டு பட்டை, சிச்சுவான் மிளகு அரைத் தேக்கரண்டி. எண்ணெய் இல்லாத வாணலியில் சிறு தீயில் பொன்னிறமாகும் வரை வறுங்கள். சத்துமாவுக்கு வறுப்போமே, அந்த நிறம். ஆறிய பின் மிக்ஸியில் விட்டு விட்டுச் சுற்றுங்கள். ஒரே ஓட்டமாக ஓட்டினால் மாவாகிவிடும்.

சிச்சுவான் மிளகு என்பது மிளகே இல்லை, எலுமிச்சைக் குடும்பத்துக் காய்த் தோல். நாக்கை லேசாக மரக்கச் செய்யும். கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள், நல்ல மிளகை அதற்குப் பதிலாகப் போடாதீர்கள்.

பன்றி சாப்பிட மாட்டோம். கோழி போடலாமா?

தாராளமாக. மூலச் சமையல் பன்றியின் வயிற்றுப் பகுதிக்கு எழுதப்பட்டது. கொழுப்பும் சதையும் அடுக்கடுக்காக இருக்கும் இறைச்சி. சீனாவிலேயே மாட்டிறைச்சியிலும் ஆட்டிறைச்சியிலும் அரிசிப்பொடி போட்டு அவிக்கிறார்கள். கோழி என்றால் எலும்பெடுத்த தொடைக்கறி மட்டும், தோலோடு. நெஞ்சுக்கறி சக்கை மாதிரி ஆகிவிடும். கொழுப்பில்லாத எந்த இறைச்சிக்கும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் கூடுதலாக விடுங்கள். பொடிக்குக் குடிக்கக் கொழுப்பு வேண்டும்.

அளவெல்லாம் ஒரே இடத்தில சொல்லுங்க.

நான்கு பேருக்கு 600 கிராம் இறைச்சி. பன்றியானால் அரை சென்டிமீட்டர் கனத்தில் வில்லைகளாக, கோழியானால் இரண்டு வாய்க்கு ஒரு துண்டாக. வெளிர் சோயா 2 மேசைக்கரண்டி, நிறத்துக்குக் கரும் சோயா 1 தேக்கரண்டி, சர்க்கரை 1 தேக்கரண்டி, துருவிய இஞ்சி 1 மேசைக்கரண்டி, நறுக்கிய வெங்காயத்தாள், ஷாவ்சிங் அரிசி மது 1 மேசைக்கரண்டி. இனிப்புச் சோயா விழுது இருந்தால் அதில் 1 மேசைக்கரண்டி. பிசறி ஒரு மணி நேரமாவது ஊற வையுங்கள். இரவு முழுக்க என்றால் ஃப்ரிஜ்ஜில்.

கட்டுவதற்கு முன்னால் மேலே சொன்ன அரிசிப்பொடி முழுவதையும் போட்டு, அரை டம்ளருக்குச் சற்றுக் குறைவாக, அதாவது 100 முதல் 120 மில்லி வரை தண்ணீர் ஊற்றிப் பிசறுங்கள். துண்டுகள் ஈரமான மணல் பூசியது போல இருக்க வேண்டும். பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். பொடி தண்ணீரை இழுத்துக்கொண்டு வறண்டு தெரிந்தால் இன்னும் கொஞ்சம் தெளியுங்கள்.

மதுவுக்குப் பதிலா வேற ஏதாவது?

எதுவும் வேண்டாம், விட்டுவிடுங்கள். இஞ்சியை இடித்துச் சாறு சேர்த்தால் கவிச்சி போய்விடும். வினிகர் ஊற்றலாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். தயவுசெய்து வேண்டாம். ஹலால் பார்ப்பவர்கள் சோயா விழுதின் பாட்டிலையும் படித்துவிடுங்கள், சிலவற்றில் மது இருக்கும்.

எப்படி மடிக்கணும்? என்னோடது பிரிஞ்சு பிரிஞ்சு போகுது.

பொட்டலக் கடைக்காரர் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் இறைச்சியை ஒரே அடுக்காக, மிஞ்சினால் இரண்டடுக்காகப் பரப்பி, உங்கள் பக்கத்து இலையை மேலே போடுங்கள். இடமும் வலமும் உள்ளே மடியுங்கள். அப்புறம் எதிர்ப்பக்கமாக உருட்டி முடியுங்கள். மடிப்பு கீழே வரும்படி வைத்தால் அதன் எடையே பிடித்துக்கொள்ளும். நம்பிக்கை இல்லாவிட்டால் பருத்தி நூல்.

பிரிவதற்குக் காரணம் பெரும்பாலும் ஆசைதான். நாலு பேர் கறியை ஒரே பொட்டலத்தில் திணிக்காதீர்கள். ஆளுக்கு ஒன்று கட்டுங்கள். இறுக்கவும் வேண்டாம், பொடி உப்புவதற்கு இடம் கேட்கும்.

மூங்கில் கூடை இல்லை. இட்லிப் பானை போதுமா?

போதும். மூங்கில் கூடையில் ஒரு வசதி உண்டு: ஆவி மூடியில் முத்தாகி மேலே சொட்டாது. இங்கே இலையே குடை பிடிப்பதால் அந்தக் கவலையும் இல்லை. இட்லித் தட்டில் குழி இருக்கும், அதற்குப் பதில் ஓட்டைத் தட்டைப் போட்டு அதன்மேல் மடிப்புக் கீழிருக்க அடுக்குங்கள்.

தண்ணீர் வற்றுவதுதான் ஆபத்து. அடியில் ஒரு சுத்தமான காசைப் போட்டு வையுங்கள். கடகடவென்று ஆடிக்கொண்டே இருக்கும், சத்தம் நின்றால் தண்ணீர் தீர்ந்தது என்று அர்த்தம். ஊற்றும்போது கொதிநீரைத்தான் ஊற்ற வேண்டும்.

எவ்வளவு நேரம் அவிக்கணும்?

தண்ணீர் கொதித்த பிறகு கணக்கு. பன்றி வயிற்றுக்கறிக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். கோழித் தொடைக்கு 45 நிமிடம். மாட்டிறைச்சியை மெல்லிசாக நறுக்கினால் ஒரு மணி நேரம், ஆட்டுக்குக் கூட அரை மணி சேர்த்துக்கொள்ளுங்கள்.

பதம் பார்க்க ஒரு பொட்டலத்தின் ஓரத்தைத் திறந்து குச்சியால் குத்துங்கள். எதிர்ப்பு இல்லாமல் இறங்க வேண்டும், பொடியில் வெள்ளைப் பொட்டு தெரியக் கூடாது. வெப்பமானி இருந்தால் கோழியின் நடுவில் 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். 45 நிமிடத்தில் அதையெல்லாம் தாண்டிவிடும்.

குக்கர்ல வச்சா கேஸ் மிச்சமாகுமே?

மிச்சமாகும், நானே வேலை நாட்களில் அப்படித்தான். அடியில் இரண்டு டம்ளருக்குக் குறையாமல் தண்ணீர், மேலே ஸ்டாண்டு, அதன்மேல் பொட்டலங்கள். முதல் விசிலுக்குப் பிறகு சிறு தீயில் பன்றிக்கு அரை மணி, கோழிக்குக் கால் மணி. ஆவி தானாக அடங்கட்டும். எடையைத் தூக்கி ஆவியை விட்டால் பொட்டலத்துக்குள் இருக்கும் சாறு பொங்கி வெளியேறும்.

ருசியில் வித்தியாசம் உண்டா என்றால், உண்டு. இலை மணம் கொஞ்சம் மேலோட்டமாக நின்றுவிடுகிறது. விருந்தினர் வரும் நாளில் மெதுவாகவே அவியுங்கள்.

பொடி வறண்டு மணல் மாதிரி கிடக்குது. என்ன தப்பு?

தண்ணீர் போதவில்லை, அல்லது கொழுப்பு போதவில்லை. அளவுக் கேள்வியில் சொன்ன அந்தப் பத்து நிமிடக் காத்திருப்பைத் தாண்டிப் போயிருப்பீர்கள். ஏற்கெனவே அவித்துவிட்டீர்கள் என்றால் வீசிவிடாதீர்கள். பொட்டலத்தைத் திறந்து நாலு கரண்டி சுடுதண்ணீரோ சூப்போ ஊற்றி, மூடி, இன்னும் 20 நிமிடம் வையுங்கள்.

எனக்கு நேர்மாறா சொதசொதன்னு இருக்கு.

இலையை உதறித் துடைக்காமல் கட்டியிருப்பீர்கள். கழுவியதும் துண்டில் ஒற்றி எடுங்கள். இன்னொரு காரணம், ஃப்ரீசரிலிருந்து எடுத்த இறைச்சி முழுதாகக் கரையாமல் ஊறப் போட்டது. அதன் தண்ணீர் உள்ளேயே விடும். பொடி நைசாகிப் போனாலும் இதே கதைதான்.

காரமே இல்லையே! நம்ம நாக்குக்கு ஒத்து வருமா?

ஹாங்சோ சமையலில் காரம் தேடக் கூடாது. அங்கே இனிப்பும் சோயாவும்தான். மிளகாய்த்தூள் போடட்டுமா என்று கேட்பவர்களுக்கு நான் சிச்சுவானைக் காட்டிவிடுகிறேன். அங்கே இதே பொடியோடு மொச்சையும் மிளகாயும் புளிக்க வைத்த 'தோபான்ஜியாங்' விழுதைச் சேர்த்துப் பிசறுவார்கள். அடியில் சர்க்கரைவள்ளிக் கிழங்குத் துண்டுகளைப் பரப்பி அதன்மேல் கறியை அடுக்குவார்கள். சொட்டும் கொழுப்பையெல்லாம் கிழங்கு வாங்கிக்கொள்ளும். சிச்சுவானின் தலைநகரான செங்டுவில் மாட்டிறைச்சியைச் சின்னஞ்சிறு மூங்கில் கூடைகளில் இப்படி அவித்து, மேலே பூண்டு, மிளகாய்த்தூள், கொத்தமல்லி தூவித் தருவார்கள். ஆமாம், கொத்தமல்லி. நம் வீட்டுப் பிள்ளைகள் முதலில் காலி செய்தது இதைத்தான்.

இதற்கு ஒன்றரை மேசைக்கரண்டி விழுது போதும், சோயாவைப் பாதியாக்குங்கள். அந்த விழுது நல்ல உப்பு. இதை இலையில் கட்டுவது அவர்கள் வழக்கமில்லை. நான் கட்டுகிறேன், நன்றாக இருக்கிறது. ஆன்ட்டிக்கு மட்டும் இது பிடிக்கவில்லை, இலை மணத்தை மிளகாய் கொன்றுவிட்டது என்றார். அவர் சொன்னதும் சரிதான்.

அப்போ அந்த லோ மாய் காய் செய்முறை?

பசையரிசி 400 கிராமை ஆறு மணி நேரம் ஊற வைத்து, துணி விரித்து 25 நிமிடம் ஆவியில் வேக வையுங்கள். சாதாரண அரிசி மாதிரி தண்ணீரில் வடித்தால் களியாகிவிடும். சூடாக இருக்கும்போதே கொஞ்சம் சோயா, நல்லெண்ணெய் விட்டுக் கிளறுங்கள். சீன நல்லெண்ணெய் வறுத்த எள்ளில் ஆட்டியது, மணம் தூக்கலாக இருக்கும், ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். இன்னொரு வாணலியில் 250 கிராம் கோழித் தொடை, ஊறிய ஷீட்டாக்கே காளான் நாலைந்து, சீன சாசேஜ் ஒன்று எல்லாவற்றையும் வதக்கி, சோள மாவு கரைத்து ஊற்றிக் கெட்டியாக்குங்கள். இலையில் சோறு, நடுவில் கறி, மேலே சோறு. நாலு பொட்டலம் வரும். உள்ளே எல்லாம் வெந்தது என்பதால் அரை மணி நேர ஆவி போதும். இலையைத் தயார் செய்வதும் மடிப்பதும் மேலே சொன்னதேதான்.

முக்கோணமா நூல் கட்டித் தொங்க விடுவாங்களே, அதையும் இப்படியே செய்யலாமா?

அது 'சோங்சி'. இங்கே ஹொக்கியன் மொழியில் 'பாக் சாங்'. மூங்கில் இலையில் பச்சைப் பசையரிசியை வைத்துக் கட்டி, ஆவியில் இல்லாமல் தண்ணீரில் மூழ்க வைத்து இரண்டு மூன்று மணி நேரம் வேக வைப்பார்கள். டிராகன் படகுத் திருவிழாவுக்கு, அதாவது சீன நாட்காட்டியில் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாளுக்கு, செய்வது. ஆற்றில் குதித்து உயிர்விட்ட சூ யுவான் என்ற பழங்காலக் கவிஞரின் நினைவாக என்று கதை. ஹாங்சோ தோட்டத்தின் பெயரும் தமிழில் எழுதும்போது இவர் பெயர் மாதிரியே வந்துவிடுகிறது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை. கட்டும் வித்தையே வேறு. அதை எனக்கு இன்னும் ஒழுங்காகக் கட்ட வரவில்லை, அதனால் என்னிடம் கேட்காதீர்கள்.

முதல் நாளே செஞ்சு வைக்கலாமா?

வைக்கலாம், மறுநாள் இலை மணம் இன்னும் இறங்கியிருக்கும். ஆனால் இரவு முழுக்க அடுப்பு மேடையில் விடாதீர்கள், முக்கியமாகச் சோறு வைத்ததை. வெந்த அரிசியில் தப்பிப் பிழைக்கும் கிருமி வித்துகள் அறை வெப்பத்தில் பெருகி நஞ்சை உண்டாக்கும், அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. சூடு தணிந்ததும், இரண்டு மணி நேரத்துக்குள், ஃப்ரிஜ்ஜுக்குப் போய்விட வேண்டும். அங்கே மூன்று நாள். ஃப்ரீசரில் ஒரு மாதம்.

சூடாக்க ஆவிதான் நல்லது: ஃப்ரிஜ்ஜிலிருந்து எடுத்தது 20 நிமிடம், ஃப்ரீசரிலிருந்து நேராக வைத்தால் 40. மைக்ரோவேவ் என்றால் பொட்டலத்தின் மேல் ஈரத் துணி போடுங்கள்.

சாப்பிட்ட இலையைக் கழுவி இன்னொரு தடவை கட்டலாமா?

என் அத்தை கேட்ட கேள்வி. வேண்டாம் அத்தை. கொழுப்பு நரம்புக்குள் போயிருக்கும், கழுவினாலும் போகாது, மணமும் தீர்ந்திருக்கும். கட்டாமல் மிச்சமிருக்கும் காய்ந்த இலைகளைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் சுற்றிப் பரணில் போடுங்கள், ஒரு வருஷம் கெடாது. ஊற வைத்தும் பயன்படாமல் போன இலை என்றால் பிழிந்து ஃப்ரீசரில் வையுங்கள், அடுத்த முறை ஊற வைக்கும் வேலை மிச்சம்.